ஹானர்ஸ் நான்காம் ஆண்டு: சேரும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் காலடிப்பேட்டையில் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி இப்போது மாறியிருக்கிறது. "ஹஜ்ரத், பி.ஏ. மூணு வருஷமா, நாலு வருஷமா? ஹானர்ஸ் இல்லைன்னா பட்டம் செல்லாதாமே?" என்கிறார்கள். செல்லாது என்பது வதந்தி. மூன்றாண்டு பி.ஏ. முழுமையான பட்டம்தான். ஆனால் நான்காம் ஆண்டு என்ன தருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

ஹானர்ஸ் என்ற சொல் சென்னைக்குப் புதிதல்ல. இண்டர்மீடியட்டுக்குப் பின் மூன்றாண்டு படிக்கும் பி.ஏ. ஹானர்ஸ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முன்பு இருந்தது. அறிஞர் அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் அதைப் படித்து 1934-ல் தேறினார். இப்போதைய ஹானர்ஸ் வேறு ஏற்பாடு. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில் இருந்து வருவது.

அமைப்பு

படிப்பு கிரெடிட் கணக்கில் நடக்கிறது. வகுப்பறைப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது ஒரு செமஸ்டரில் 15 மணி நேரம். மூன்று ஆண்டுகளில் குறைந்தது 120 கிரெடிட் பெற்றால் பி.ஏ. பட்டம். நான்காம் ஆண்டையும் முடித்து 160 பெற்றால் பி.ஏ. ஹானர்ஸ். இது யு.ஜி.சி. வகுத்த குறைந்தபட்ச அளவு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுக்கு 176, கேரளத்தில் 177.

நான்காம் ஆண்டில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேல்நிலைப் பாடங்களை மட்டும் படித்து ஹானர்ஸ் பெறுவது. மற்றொன்று, ஒரு வழிகாட்டியின் கீழ் 12 கிரெடிட்டுக்கு ஆய்வேடு எழுதி 'ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ்' பெறுவது. முதல் வழியில் செல்வோர் ஆய்வேட்டுக்குப் பதிலாக மூன்று பாடங்கள் கூடுதலாகப் படிப்பார்கள்.

தகுதி

படிப்பில் சேர பிளஸ் டூ தேர்ச்சி வேண்டும். டெல்லி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர கியூட் நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். ஆய்வு வழிக்கு முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடு தேவை என்கிறது யு.ஜி.சி. கட்டமைப்பு. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறும் என்பதால் சேருமிடத்தின் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

இந்த 75-ஐத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஆறு செமஸ்டரும் கணக்கில் வருகின்றன. முதலாண்டின் இரண்டு செமஸ்டரிலும் 60 எடுத்த பிள்ளை, மீதி நான்கிலும் சராசரியாக 82.5 எடுத்தால்தான் 75-ஐத் தொட முடியும். வரலாறு, தமிழ், பொருளாதாரம் போன்ற கலைப் பாடங்களில் அது எளிதல்ல. 'முதல் வருஷம் பாஸ் ஆனா போதும்' என்று வீட்டில் சொல்வது, நான்காம் ஆண்டின் கதவை அப்போதே சாத்துவதாகும்.

யாருக்குப் பயன்?

கணக்கு எளிது. மூன்றாண்டு பி.ஏ. முடித்தவருக்கு எம்.ஏ. இரண்டு ஆண்டு. நான்காண்டு ஹானர்ஸ் முடித்தவருக்கு ஓராண்டு எம்.ஏ.வுக்கு வழி உண்டு. எப்படிப் போனாலும் எம்.ஏ. பெற ஐந்து ஆண்டுகள்தான். பட்டம் பெற்று வேலைக்குப் போகும் பிள்ளைக்கும், டி.என்.பி.எஸ்.சி. போன்ற போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைக்கும் மூன்றாண்டே போதும். ஆராய்ச்சிக்குப் போகிறவருக்குத்தான் வேறுபாடு. நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் எம்.ஏ. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். 2024 முதல் நெட் தேர்வும் எழுதலாம். பிஎச்.டி. தகுதி மதிப்பெண்ணில் கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி. மாணவர்களுக்கு 5 விழுக்காடு வரை தளர்வு அளிக்க விதியில் இடமுண்டு. அதற்கு மத்திய ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். நம்மிடம் உள்ள பி.சி.எம். சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்கு உரியது. இரண்டும் ஒன்றல்ல.

நம் பகுதி நிலை

தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. அதனால் இங்குள்ள கலைக் கல்லூரிகளில் பொதுவாக மூன்றாண்டு பி.ஏ.தான். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நான்காவது நிறுத்தம் சர் தியாகராயா கல்லூரி. மகளிருக்குப் பாரதி கல்லூரி, ராயப்பேட்டையில் நியூ கல்லூரி என்று தினமும் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்திலேயே வாய்ப்புகள் உள்ளன. நான்காண்டு முறை டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 சேர்க்கையிலிருந்தும், கேரளத்தில் 2024 ஜூலையிலிருந்தும் நடக்கிறது. அங்கே அனுப்புவதென்றால் விடுதி, உணவு, பயணம் எல்லாம் நான்கு ஆண்டுக்கும் கணக்கிட வேண்டும். துறைமுகத்தில் தினக்கூலி பார்க்கும் தந்தைக்கு அந்த ஓராண்டு சாதாரணமல்ல.

மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆலிம் ஸனதை மட்டும் வைத்து இங்கு பி.ஏ. சேர்வது கடினம். ஓதும்போதே தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பிளஸ் டூ எழுதிவிட வேண்டும். மதரஸா முடித்தவர்களுக்கென அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் இணைப்புப் படிப்பு நடத்துகிறது. நாமும் ஓதி முடித்த பிறகு பி.ஏ. படித்தவர்கள்தான். தாமதமாகத் தொடங்கினாலும் படிப்பு கைகூடும்.

ஆகவே கல்லூரியைத் தேடும் முன் பிள்ளையிடம் ஒன்றைக் கேளுங்கள்: பட்டம் பெற்று வேலைக்கா, ஆராய்ச்சிக்கா? ஆராய்ச்சி என்றால் முதல் செமஸ்டரிலிருந்தே 75-ஐக் குறிவைக்கட்டும். வேலை என்றால் மூன்றாண்டே போதும், மனக்குறை வேண்டாம். இன்ஷா அல்லாஹ், இரண்டு வழியிலும் நம் பிள்ளைகள் முன்னேறுவார்கள்.