பெயரிட்டவர்களும் அருகிருந்தவர்களும்

ஒரு குறைபாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதற்குப் பெயர் சூட்டிய மருத்துவரிடமிருந்தே தொடங்குவது வழக்கம். எவர் முதலில் கண்டார், எந்த ஆண்டில் எழுதினார் என்பன ஏடுகளில் நிலைத்துவிடுகின்றன. ஆனால் அம்மனிதரை நாள்தோறும் எழுப்பி, உண்ணப் பழக்கி, சட்டைப் பொத்தானை மாட்டக் கற்பித்து, சொல்ல வராத சொல்லுக்காகப் பொறுமையோடு காத்திருந்தோர் பெயர்கள் ஏடுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. ஆட்டிசம் என்றும் தமிழில் மதியிறுக்கம் என்றும் நாம் வழங்கும் நிலையின் வரலாற்றை, இம்முறை அருகிருந்தோர் பக்கமிருந்து நோக்குவோம். அங்கே ஒளியும் உண்டு. நாம் நாணித் தலைகுனிய வேண்டிய இருளும் உண்டு.

ஆட்டிசம் தொற்றுவதோர் நோயன்று, வளர்ப்பின் குற்றமுமன்று. பிறப்போடு வரும் மூளை வளர்ச்சியின் வேறுபாடு அது. பிறரோடு பழகுவதும், பேச்சைப் பயன்படுத்துவதும் இவர்களுக்கு வேறு விதமாக அமைகின்றன. சிலர் பேசுவதேயில்லை, சிலர் நிரம்பப் பேசுவர். நமக்குச் சாதாரணமான ஓசையும் வெளிச்சமும் சிலரைத் தாங்கொணா வேதனைக்கு உள்ளாக்குகின்றன. நாளின் ஒழுங்கு மாறினால் கலங்குவதும், ஒரே பொருளில் ஆழ்ந்து ஈடுபடுவதும் இவர்களிடம் பரவலாகக் காணப்படும் இயல்புகள்.

'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஆட்டிசம்' என்ற சொல்லை 1911இல் ஆக்கியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் புளாய்லர். அவர் அதனை மனச்சிதைவு நோயின் ஓர் அறிகுறியைக் குறிக்கவே ஆண்டார். பின்னர் மாஸ்கோவில் குரூன்யா சுகரெவா என்னும் பெண் மருத்துவர், சிகிச்சைப் பள்ளி ஒன்றில் ஆறு சிறுவரை நெருங்கியிருந்து கவனித்து, 1925இல் ரஷ்ய மொழியிலும் 1926இல் ஜெர்மன் மொழியிலும் அவர்களைப் பற்றி எழுதினார். இன்று நாம் ஆட்டிசம் என அறியும் இயல்புகள் அவ்வெழுத்தில் தெளிவாகவே உள்ளன. ஆயினும் உலகம் அவரை நெடுங்காலம் மறந்திருந்தது. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர், எட்டு ஆண் பிள்ளைகளும் மூன்று பெண் பிள்ளைகளுமாகப் பதினொருவரைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகப் போற்றப்பட்டது. அப்பதினொருவரில் முதலாமவன், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். அவனிடம் பின்னர் வருவோம்.

அதே காலத்தில் வியன்னாவில் நிகழ்ந்தவை கத்தோலிக்கராகிய நாம் சற்றே நின்று எண்ணிப்பார்க்க வேண்டியவை. அந்நகரின் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில், 1911இல் எர்வின் லாசர் என்பவர் தொடங்கிய சிறப்புப் பிரிவு ஒன்று இருந்தது. மருத்துவமும் கல்வியும் அங்கே ஒன்றாக நடைபெற்றன. விக்டோரினே சாக் என்னும் செவிலியர் இசையாலும் உடற்பயிற்சியாலும் விளையாட்டாலும் பிள்ளைகளின் நாளை ஒழுங்குபடுத்தி நடத்தினார். 1944இல் குண்டுவீச்சில் அப்பிரிவு இடிந்தபோது அவர் உயிர் துறந்தார். அங்கே பணியாற்றிய யூத மருத்துவர் கியோர்க் ஃபிராங்கிள் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, பால்டிமோரில் கேனரோடு பணியாற்றினார். சிறுவன் டொனால்டை அங்கே கவனித்தவர்களுள் அவரும் ஒருவர்.

அப்பிரிவின் தலைவரான ஹான்ஸ் ஆஸ்பெர்கர் ஒரு கத்தோலிக்கர். தம் பிள்ளைகளின் தனித்திறன்களைப் பரிவோடு எடுத்துரைத்து 1944இல் அவர் வெளியிட்ட ஆய்வு பிற்காலத்தில் புகழ்பெற்றது. நாஜிக் கட்சியில் அவர் சேரவுமில்லை. ஆதலால் பிள்ளைகளைக் காத்த நல்லவராகவே அவரைப் பலரும் நெடுங்காலம் போற்றினர். 2018இல் வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் பழைய ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து வெளியிட்டபோது வேறொரு முகம் தெரிந்தது. மூளை நோயால் பாதிக்கப்பட்ட, மூன்று வயது நிறையாத சிறுமி ஒருத்தியை ஆஸ்பெர்கர் 1941 ஜூனில் சோதித்தார். அவள் தாய்க்குத் தாங்க முடியாத சுமை எனக் குறித்து, 'ஷ்பீகல்குருண்ட்' என்னும் நிலையத்தில் நிரந்தரமாகச் சேர்க்கப் பரிந்துரைத்தார். அந்நிலையத்தில்தான் 1940க்கும் 1945க்கும் இடையில் ஏறத்தாழ 800 பிள்ளைகள் மருந்தாலும் பட்டினியாலும் மடிந்தனர். அச்சிறுமியும் செப்டம்பர் முதல் வாரத்தில் அங்கே இறந்தாள்.

அதற்கு ஒரு திங்களுக்கு முன், 1941 ஆகஸ்ட் 3ஆம் நாள், ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் ஆயர் கிளெமென்ஸ் ஃபான் காலன் மறையுரை மேடையேறி, பயனற்றவர் எனத் தீர்ப்பிட்டு நோயாளரைக் கொல்வது கொலையே என வெளிப்படையாக முழங்கியிருந்தார். மறையுரையின் படிகள் இரகசியமாகக் கைமாறின. அம்மாத இறுதிக்குள் நச்சுவாயுக் கூடங்களின் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆயினும் பிள்ளைகளைக் கொல்வது மறைவில் தொடர்ந்தது. ஒரே திருச்சபையின் மக்கள் இருவர், ஒரே ஆண்டு. ஒருவர் உரக்கப் பேசினார். மற்றவர் தாளில் கையொப்பமிட்டார். ஷ்பீகல்குருண்டில் நடப்பதை ஆஸ்பெர்கர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதில் ஆய்வாளரிடையே வாதம் உண்டு. கையொப்பம் இருக்கிறது என்பதில் வாதமில்லை. சில பிள்ளைகளிடம் மெய்யான பரிவு காட்டிய ஒருவரே, வேறு சில பிள்ளைகளைச் சுமை எனத் தள்ளிவிடவும் கூடும் என்பதே இதில் நம்மை நடுங்கச் செய்வது.

போருக்குப் பின்னும் துன்பம் ஓயவில்லை; அது வேறு வடிவம் கொண்டது. பெற்றோரின், சிறப்பாகத் தாயின், அன்பின்மையே ஆட்டிசத்தின் காரணம் என்ற கருத்து வேரூன்றியது. கேனரே பெற்றோரின் குளிர்ந்த உள்ளத்தைக் குளிர்பதனப் பெட்டியோடு ஒப்பிட்டு எழுதினார். சிகாகோவில் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளியொன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், 1967இல் வெளியிட்ட நூலால் அக்கருத்தை உலகெங்கும் பரப்பினார். இரவெல்லாம் பிள்ளையோடு விழித்திருந்த தாயரிடம், உம்மால்தான் இது நேர்ந்தது என்று கற்றவர்கள் சொன்னார்கள். அத்தாயருட் பலர் அதை நம்பவும் செய்தனர்.

இக்கொடும்பழியை முதலில் எதிர்த்து எழுந்தோர் பெற்றோரே. ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது உடலில் வேர்கொண்ட நிலை என 1964இல் நூலெழுதி நிறுவ முயன்றார். 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் கேனர் தாமே நின்று, பெற்றோர் மீது குற்றமில்லை என அறிவித்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, மரபுக்கூறுகளின் பங்கைக் காட்டினர். பழி நீங்கியது. ஆயினும் பழிசுமந்த அன்னையரின் ஆண்டுகளை எவர் திருப்பித் தருவார்?

பயிற்றுநரின் கைகளும் எப்போதும் தூயனவாக இருந்ததில்லை. கலிபோர்னியாவில் ஈவார் லோவாஸ், ஒரு செயலைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பரிசளித்துக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். பேசவே மாட்டார் எனக் கைவிடப்பட்ட பிள்ளைகளும் கற்க முடியும் என்பதை அது காட்டியது. ஆனால் 1960களில் அதே அறையில் அதட்டலும் அறையும் மின்னதிர்ச்சியும் பயன்பட்டன. பிள்ளையின் நன்மைக்கே என்ற சொல், எத்தனை கொடுமைகளுக்குப் போர்வையாகிவிடுகிறது!

வேறு வழி நடந்தோரும் இருந்தனர். லண்டனில் சிபில் எல்கர் என்னும் ஆசிரியை, 1962இல் தம் வீட்டின் நிலவறையில் சில பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். 1965இல் ஈலிங் பகுதியில், ஆட்டிசம் உடைய பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி அவர் தலைமையில் எழுந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் எங்கே போவார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1974இல் வயதுவந்தோர் வாழ்ந்து பணிசெய்ய சாமர்செட்டில் ஓர் இல்லமும் உருவாயிற்று. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர், பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி, உடன் பயிற்றுநராக அமர்த்தினார். காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதே இப்பிள்ளைகளுட் பலருக்கு எளிது என உணர்ந்து, நாளின் செயல்களைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டும் முறையை அவர் குழு வளர்த்தது. 1972இல் அம்மாநிலச் சட்டமன்றமே அதனை மாநிலமெங்கும் விரிவாக்கியது. அடுத்து என்ன நேரும் என்பது தெரிந்தால் அச்சம் குறைகிறது. அச்சம் குறைந்தால் கற்றல் தொடங்குகிறது.

இப்போது டொனால்டிடம் வருவோம். 1942இல் அவனை ஊருக்கு வெளியே ஒரு விவசாயத் தம்பதியின் வீட்டில் பெற்றோர் தங்கவைத்தனர். 1945இல் கேனர் அங்கே சென்று கண்டவற்றைப் பின்னர் எழுதினார். சிறுவனுக்கு எதையும் அளந்துகொண்டேயிருக்கும் ஆசை. அத்தம்பதி அவனைக் கிணறு தோண்டவைத்து, ஆழத்தை அளந்து சொல்லச் செய்தனர். சோள வரிசைகளை ஓயாது எண்ணினான். உழுதுகொண்டே எண்ணுமாறு ஏரைக் கையில் கொடுத்தனர். இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்துவந்தான். அவற்றை அடக்கம் செய்ய ஓர் இடம் ஒதுக்கினர். அவன் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிவைத்து, அவ்விவசாயியின் குடும்பப் பெயரையே அவற்றுக்குச் சூட்டினான். அவனது விந்தைகளைப் பொறுத்துக்கொண்ட கிராமப் பள்ளியிலும் அவன் முன்னேறினான்.

அத்தம்பதி எந்தப் பட்டமும் பெறவில்லை. எந்த நூலும் படித்துத் தெளியவில்லை. பிள்ளையிடம் இருந்ததைப் பிடுங்கி எறியாமல், அதனையே படிக்கட்டாக்கினர். டொனால்ட் 1958இல் கல்லூரிப் பட்டம் பெற்றார், சொந்த ஊரின் வங்கியில் பணிசெய்தார், கோல்ஃப் ஆடினார், தனியே பல நாடுகளுக்குப் பயணம் போனார், 2023இல், 89ஆம் வயதில், தம்மை அறிந்த ஊராரிடையே இறந்தார். அதே பதினொருவரில் அரசு விடுதிகளில் அடைக்கப்பட்டோரோ, இருந்த திறன்களையும் இழந்து ஒடுங்கினர் எனக் கேனரே 1971இல் வருந்தி எழுதினார். ஒரே மருத்துவர் கண்டறிந்த பிள்ளைகள்தாம்; அருகிருந்தோரின் வேறுபாடு வாழ்வின் வேறுபாடாயிற்று.

பின்னாளில் ஆட்டிசம் உடையோர் தாமே பேசத் தொடங்கினர். 1986இல் டெம்பிள் கிராண்டின் தம் வாழ்வை நூலாக்கினார். 1993இல் ஜிம் சின்கிளேர், இல்லாத பிள்ளைக்காக அழுவதை விடுத்து இருக்கின்ற பிள்ளையை அறிய வாருங்கள் என்னும் கருத்துப்பட பெற்றோருக்கு எழுதினார். நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமில்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016இன் சட்டம் உரிமைகளை விரிவாக்கியது. 2014 நவம்பரில் வத்திக்கானில் ஆட்டிசம் குறித்த மாநாடு கூடியபோது, திருத்தந்தை பிரான்சிஸ் இம்மக்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் நேரில் சந்தித்து, தனிமையை உடைக்குமாறு வேண்டினார்.

சட்டமும் மாநாடும் வந்துவிட்டன. ஞாயிறு திருப்பலியில் மணியோசை கேட்டுக் காதைப் பொத்தி அலறும் பிள்ளையை இறுகப் பிடித்துக்கொண்டு, வாசற்படியருகே நிற்கும் தாயை நம் பங்குகளில் இன்றும் காண்கிறோம். பல தலைகள் ஒருசேரத் திரும்புகின்றன. அப்பார்வையில் பழைய பழியின் எச்சம் சிறிதேனும் உண்டா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ளலாம். அடுத்த ஞாயிறு, மணி ஒலிக்குமுன் அப்பிள்ளைக்குச் சைகையால் உணர்த்த ஒருவர், ஓசை குறைந்த ஓரிடத்தை ஒதுக்கிவைக்க ஒருவர், அத்தாயோடு நின்று பேச ஒருவர் எனச் சிலர் முன்வந்தால் போதும். இதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. மிசிசிப்பியின் அவ்விவசாயிக்கும் அது இருந்ததில்லை.