எலும்பு முறிவு டாக்டர் ஆக எட்டரை வருஷம்: எக்ஸ்ரேயில் தெரியாததையும் கண்டுபிடிக்கும் பயிற்சி!

பைக் விபத்தில் கால் முறிந்த ஒருவர், நள்ளிரவில் பெரிய அரசு மருத்துவமனைக்கு வருகிறார். அவரை முதலில் பார்க்கும் ஆர்த்தோ டாக்டர், பெரும்பாலும் பயிற்சியில் இருக்கும் பிஜி மாணவர்தான். அவர் எப்படித் தயாராகிறார்? பார்க்கலாம்.

எத்தனை வருஷம் படிக்கணும்?

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை வருஷம், பயிற்சி மருத்துவராக 1 வருஷம். பிறகு நீட் பிஜி தேர்வு எழுதி, எம்.எஸ். ஆர்த்தோ அல்லது டி.என்.பி. ஆர்த்தோவில் சேரலாம். இரண்டுமே 3 வருஷம். ஆக, இடைவெளியே இல்லாமல் படித்தாலும் மொத்தம் எட்டரை வருஷம். விபத்து சிகிச்சையில் கூடுதல் அனுபவம் வேண்டுமென்றால், அதற்குப் பிறகு ஃபெலோஷிப் இருக்கு.

3 வருஷத்தில் என்ன கற்கிறார்கள்?

வகுப்பறையைவிட வார்டிலும் கேஷுவாலிட்டியிலும்தான் அதிக நேரம். முதலில் மாவுக்கட்டு போடுவது, நழுவிய மூட்டைச் சரிசெய்வது. அடுத்து ஆபரேஷனில் சீனியருக்கு உதவுவது. பிறகு சீனியர் பக்கத்தில் நிற்க, தானே ஆபரேஷன் செய்வது. செய்த ஒவ்வொன்றும் லாக்புக்கில் பதிவாகும். ஆய்வேடும், 3 மாத மாவட்ட மருத்துவமனைப் பணியும் கட்டாயம்.

முதல் பாடம் எலும்பு இல்லை!

விபத்தில் வருபவருக்கு முதலில் பார்ப்பது மூச்சும் ரத்த ஓட்டமும்தான். தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே உள்ளுக்குள் 1 லிட்டருக்கு மேல் ரத்தம் கசியலாம். வெளியே ஒரு சொட்டுகூட தெரியாது.

எக்ஸ்ரே காட்டாத ஆபத்து

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால், சிலருக்கு உள்ளே அழுத்தம் ஏறி தசைக்குப் போகும் ரத்தம் தடைபடும். இதுதான் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். எக்ஸ்ரேயில் இது தெரியாது. ஊசி போட்டும் வலி ஏறுதா, கால் விரலை மெல்ல அசைத்தாலே துடிக்கிறாரா எனத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். சில மணி நேரம் தாமதித்தாலே தசை மீளாமல் போகலாம். அதனால் சந்தேகம் வந்தால், ராத்திரி 2 மணி என்றாலும் சீனியரை எழுப்பணும். தோலையும் தசை உறையையும் கீறி அழுத்தத்தைக் குறைத்தால் காலைக் காப்பாற்றலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது

கட்டு போட்ட பிறகு வலி கூடிக்கிட்டே போகுதா? விரல் மரத்துப்போகுதா? ‘காலைல பாத்துக்கலாம்’னு இருக்காதீங்க. உடனே டூட்டி டாக்டரிடம் சொல்லுங்க. வீட்டில் இருந்தால் மருத்துவமனைக்குக் கிளம்புங்க.