கடலை போட்ட கதையும் ஒரு வாத்தியாரின் திட்டமும்

தலைப்பைப் பார்த்துட்டு வேற மாதிரி கடலைன்னு நினைச்சு ஓடி வந்தவங்க மன்னிக்கணும் :-) இது நிஜக் கடலை. மல்லாட்டை, மணிலா, வேர்க்கடலைன்னு ஊருக்கு ஒரு பேர் வச்சிருக்கோமே, அதேதான். இடம் கிழக்கு ஆப்பிரிக்கா. அப்போ டாங்கனிக்கான்னு பேர். 1964-ல சான்சிபாரோட சேர்ந்து டான்சானியா ஆச்சு.

இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட பிரிட்டன்ல எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பெரிய தட்டுப்பாடு. ஆப்பிரிக்காவில் கடலை பயிரிட்டா தீர்ந்துடும்னு ஒருத்தருக்கு யோசனை. 1946-ல மூணு பேர் கொண்ட குழு போய் ஒன்பது வாரம் சுற்றிப் பார்த்தது, பெரும்பாலும் விமானத்துல இருந்தபடியே. 32 லட்சம் ஏக்கர்னு திட்டம் தயார். போர் டாங்கிகளை டிராக்டரா மாத்தி இறக்கினாங்க. கோங்வாங்கிற இடத்துல வேலை தொடங்கினா, மழை ஏமாத்துது, மண்ணு வெயில்ல செங்கல் மாதிரி இறுகிப்போகுது. விதைக்கு வாங்கின அளவுகூட அறுவடை தேறலை. 1951-ல மூட்டை கட்டினாங்க. செலவு 3 கோடியே 60 லட்சம் பவுண்டு.

அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையா மாடு மேய்ச்சு, தானியம் விதைச்சு வாழ்ந்த கோகோ மக்கள்கிட்ட மழையைப் பத்தி உட்கார்ந்து கேட்டிருந்தாலே பாதிப் பணம் மிச்சம். வெள்ளைக்காரன் கேட்கலை, சரி. நம்ம ஆளுங்க ஆட்சிக்கு வந்தா கேட்பாங்கதானே? இந்தப் பதிவே அதைப் பத்தித்தான்.

1961-ல விடுதலை. தலைவர் ஜூலியஸ் நைரேரே. முன்னாடி பள்ளிக்கூட ஆசிரியர், அதனால மக்கள் வச்ச பேர் 'முவாலிமு', அதாவது வாத்தியார். கையில பணம் சேர்க்காதவர், எளிமையானவர். இதை எதிரிகளும் ஒத்துக்குவாங்க.

1964-ல முதல் ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. பேர்தான் ஐந்தாண்டு, பார்வை 1980 வரைக்கும். மூணே மூணு இலக்கு. தலைக்கு 19 பவுண்டா இருந்த ஆண்டு வருமானத்தை 45 ஆக்கணும். டாக்டர், எஞ்சினியர் எல்லாம் சொந்த நாட்டு ஆளாவே இருக்கணும். 35-40 வயசுன்னு இருந்த சராசரி ஆயுளை 50 ஆக்கணும்.

சிக்கல் எங்கேன்னா, மத்திய அரசோட வளர்ச்சிச் செலவுல கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பங்கு வெளிநாட்டுப் பணம் வரும்னு நம்பிப் போட்ட கணக்கு அது. 1965-ல ரொடீசியாவில் வெள்ளையர் தன்னிச்சையா விடுதலை அறிவிச்சாங்க. பிரிட்டன் கையைக் கட்டிட்டு நின்னதுன்னு நைரேரே அவங்களோட உறவையே முறிச்சார். 75 லட்சம் பவுண்டு கடன் போச்சு. கிழக்கு ஜெர்மனி விவகாரத்துல மேற்கு ஜெர்மனியோடவும் மனஸ்தாபம். அடுத்தவன் காசை நம்பினா கொள்கையை அடகு வைக்கணும்கிறது அவருக்கு உறைச்சது. அதன் விளைவுதான் 1967 பிப்ரவரி அருஷா பிரகடனம். பணத்தை நம்பாம நிலத்தையும் உழைப்பையும் நம்புவோம்னு முடிவு. கூட்டாக வாழும் 'உஜாமா' கிராமங்கள் வந்தது இந்த வழியாத்தான்.

இப்போ நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். தெற்கே சோங்கேயா பக்கம் ருவூமா வளர்ச்சிச் சங்கம்னு ஒண்ணு இருந்தது. லிட்டோவாங்கிற கிராமத்துல சில இளைஞர்கள் யாரும் சொல்லாம தானா ஆரம்பிச்சது. பொது நிலத்துல சேர்ந்து விவசாயம், சொந்தப் பள்ளிக்கூடம், மாவு மில். 17 கிராமம் வரை பரவிச்சு. என்ன விதைக்கிறது, லாபத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு கூட்டம் போட்டு அவங்களே முடிவு பண்ணாங்க. நைரேரே மனசுல இருந்த கிராமத்துக்கு உயிருள்ள சாட்சி அது. அவருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்தது.

1969 செப்டம்பர்ல அவரோட கட்சியே அந்தச் சங்கத்தைத் தடை பண்ணிடுச்சு. சொத்தைப் பறிமுதல் செஞ்சாங்க. காரணம் புரிஞ்சுக்கக் கஷ்டமில்லை. மேலிருந்து வர்ற உத்தரவுக்குக் காத்திருக்காத கிராமத்துல கட்சி அதிகாரிக்கு என்ன வேலை? வாத்தியார் தடுக்கலை. அவர் வாழ்க்கையில எனக்குப் பெரிய வருத்தம் இதுதான்.

அப்புறம் நடந்தது தெரிஞ்ச கதை. ஆசை காட்டியும் கூட்டு கிராமங்களுக்கு ஜனம் வேகமா வரலை. 1973 நவம்பர்ல, கிராமத்துல குடியேறுறது இனிமே விருப்பமில்லை, உத்தரவுன்னு அறிவிச்சார். லாரிகள் வந்தது. திரும்பிப் போகாம இருக்க சில இடங்கள்ல வீட்டைக் கொளுத்தினாங்க. சில வருஷத்துல ஒரு கோடிக்கும் மேல ஜனங்க புது கிராமங்கள்ல. வயல் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். அதே சமயம் வறட்சி, எண்ணெய் விலை உயர்வு. எல்லாம் சேர்ந்து தானியத்தை இறக்குமதி செய்ய வேண்டியதாச்சு. எல்லாப் பழியையும் கிராமத் திட்டம் மேல போடக்கூடாது. ஆனா பங்கு உண்டு.

ஒரு விஷயத்தை மறைச்சா நான் பொய்யன். அதே வருஷங்கள்லதான் கிராமத்துக்குப் பள்ளிக்கூடமும் மருந்தகமும் வந்தது. பாட்டிமாருங்ககூட சுவாஹிலியில கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க. 80-கள்ல பெரியவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும்னு அரசுக் கணக்கு. 1980-ல ஆயுள் இலக்கு கிட்டத்தட்ட நிறைவேறிடுச்சு. வருமான இலக்கு மட்டும், விலைவாசியைக் கழிச்சுப் பார்த்தா, எட்டவே இல்லை. எழுத்தறிவுக்கு ஜனங்க தானா வந்தாங்க, லாரி தேவைப்படலை. கவனிச்சீங்களா?

1977-லயே, நாம இன்னும் சோஷலிச நாடும் இல்லை, சொந்தக் கால்ல நிக்கவும் இல்லைன்னு நைரேரே எழுத்துல ஒத்துக்கிட்டார். 1985-ல தானா பதவியை விட்டு இறங்கினார். தோல்வியைச் சொல்ற தலைவரை நாம எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்!

பிறகு 'தொலைநோக்கு 2025'னு இன்னொரு நெடுந்திட்டம். நடுத்தர வருமான நாடாகணும்கிறது அதன் இலக்கு. அந்தப் பட்டியலோட கீழ்ப்படியில 2020-லயே உலக வங்கி சேர்த்துடுச்சு. 2025 ஜூலையில 'தொலைநோக்கு 2050' வந்தது. ஒரு லட்சம் கோடி டாலர் பொருளாதாரமாம். அதே வருஷம் அக்டோபர் தேர்தல்ல பிரதான எதிர்க்கட்சிக்கு இடமில்லை. தெருவுல இறங்கினவங்க மேல துப்பாக்கிச் சூடு. இணையமும் முடக்கம்.

கோங்வாவில் விமானத்துல இருந்து பார்த்தாங்க. ருவூமாவில் கேட்காமலே பேசின ஜனத்தோட வாயை மூடினாங்க. 2050-க்கான புத்தகத்துல எண்ணெல்லாம் அழகாத்தான் இருக்கு. லிட்டோவா மாதிரி ஒரு கிராமம் இன்னிக்கு முளைச்சா அதை விட்டுவைப்பாங்களாங்கிறதுதான் என் கேள்வி.

உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லிட்டுப் போங்க. கடலை கொறிச்சுக்கிட்டே சொன்னாலும் சரி.