பிரஜாவுரிமை எந்த மேசையில் நின்றது?

மலையக வரலாற்றை எழுதும்போது நாங்கள் எல்லாருமே அதே நாலு வருஷத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறோம்: 1948, 1949, 1964, 2003. சட்டத்தின் பெயர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரின் பெயர், எத்தனை இலட்சம் பேர் என்ற கணக்கு. பரீட்சைக்கு அது போதும். ஆனா திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்துக் காம்பிராவில் இருந்த ஒரு குடும்பத்தின் விண்ணப்பம் யார் யார் கைக்குப் போனது, எந்தக் கையில் நின்றது என்று கேட்டால் அந்த நாலு வருஷத்தில் பதில் கிடைக்காது.

அதனால் நாங்கள் முகாமைத்துவம் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து ஒரு கருவியைக் கடன் வாங்கினோம். சுவிம்லேன் படம் என்பார்கள். நீச்சல் தடாகத்தில் கயிறு கட்டித் தடம் பிரிப்பது மாதிரி தாளைத் தடம் தடமாகப் பிரிக்க வேண்டும். ஒரு ஆளுக்கோ அலுவலகத்துக்கோ ஒரு தடம். அவர் செய்கிற ஒவ்வொரு வேலையும் அவருடைய தடத்தில் ஒரு பெட்டி. வேலை அடுத்தவர் கைக்குப் போகும்போது அம்பு கோட்டைத் தாண்டும். அவ்வளவுதான். வேலையைப் படிப்படியாகப் படம் போடும் முறையை ஃபிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் தம்பதி 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார்கள். தடம் பிரித்து வரைவதைப் பரவலாக்கியவர்கள் கியரி ரம்லரும் அலன் பிரேச்சும். 1990இல் வந்த அவர்களுடைய புத்தகம் சொல்வது எங்களுக்குப் பிடித்துப்போனது: காரியம் பெட்டிக்குள்ளே கெடுவதைவிட, ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குக் கைமாறும் இடத்தில்தான் அதிகம் கெடுகிறது.

கை பழக முதலில் 'துண்டு' முறையை வரைந்தோம். அதுவும் 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது என்பது தற்செயல். தொழிலாளி, பெரிய கங்காணி, பழைய தோட்டத்துத் துரை, புதிய தோட்டத்துத் துரை என்று நாலு தடம். இத்தனை பேரை, இவ்வளவு கடனைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று பழைய துரை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டம் தேடுவார். புதிய துரை பணத்தைக் கட்டுவார், கடன் ஆட்களோடு சேர்ந்து புதிய தோட்டத்துக்கு வரும். வரைந்து முடித்துப் பார்த்தால் மூன்று தடத்தில் பெட்டிகள் நிறைஞ்சு இருக்கு. தொழிலாளியின் தடத்தில் ஒரே ஒரு பெட்டி: நடந்து போகிறார். அம்புக்குறியில் கைமாறும் பொருளே அவர்தான்.

பிறகு கொழுந்து. இதை வேகமாக வரைந்துவிட்டோம், ஏனென்றால் ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் உண்டு. கொழுந்து கிள்ளுவது, நிறுவையில் கணக்கப்பிள்ளை பதிவது, ஸ்டோரில் வாட்டுவது, அரைப்பது, புளிக்க வைப்பது, சுடுவது, தரம் பிரிப்பது, டீமேக்கர் பார்ப்பது, கொழும்புக்கு அனுப்புவது. 1883இலிருந்து கொழும்பில் ஏலம் நடக்கிறது. பெட்டியில் தோட்டத்தின் பெயர் குத்தியிருக்கும், எந்தத் தொகுதி என்ற இலக்கமும் இருக்கும். திம்புள்ளத் தேயிலையில் குறை இருந்தால் எந்த ஸ்டோருக்குக் கடிதம் எழுதுவது என்று லண்டனில் இருந்த வியாபாரிக்குத் தெரியும்.

இனி 1948. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வருஷம் நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமென்றால் அவருடைய தகப்பனார் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். காகிதத்தில் இது எல்லாருக்கும் பொதுவான விதி. கோப்பிக் காலத்தில் காட்டுப்பாதையில் நடந்து வந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே தேடுவது? கிராமத்துக்காரர் பலரிடமும்கூட அது இருந்திருக்காது. ஆனா அவரிடம் யாரும் கேட்கவில்லை.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை) சட்டம், மற்றவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்தது. எங்களை நெடுநேரம் உட்கார வைத்தது இந்தப் படம்தான். விண்ணப்பதாரர், தோட்ட அலுவலகம், சமாதான நீதவான், விசாரணை அதிகாரி, ஆணையாளர், உயர் நீதிமன்றம் என்று ஆறு தடம். கலியாணம் ஆனவர் 1946 ஜனவரி 1க்கு முன் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் இடைவிடாமல் இங்கே வசித்திருக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் ஒரேயடியாக ஊரில் போய் நின்றால் தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவியும் கலியாணமாகி ஒரு வருஷத்துக்குள் இலங்கைக்கு வந்து தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். போதுமான வருமானம் இருப்பதையும் காட்ட வேண்டும். சத்தியக்கடதாசியோடு விண்ணப்பம் போகும், விசாரணை அதிகாரி அறிக்கை கொடுப்பார், ஆணையாளர் முடிவெடுப்பார். மறுக்கப் போகிறார் என்றால் காரணம் காட்டும்படி அறிவித்தல் வரும்.

நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க விண்ணப்பதாரரின் தடத்தில் இருக்கிறது. நிரூபிக்கிற காகிதமோ தோட்ட அலுவலகத்தின் தடத்தில் இருக்கிறது. ஒரு ஆள் எந்த வருஷம் எந்த மலையில் வேலை செய்தார் என்பதற்குச் செக்ரோலைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனா செக்ரோல் சம்பளம் போடுவதற்கு எழுதியது, அதை எழுதியவரும் வைத்திருந்தவரும் தொழிலாளி இல்லை. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் மாவட்டப் பதிவாளருக்கு அறிவிக்கும் கடமைகூடச் சட்டப்படி துரையுடையது. அவர் அறிவிக்காமல் விட்டது பிள்ளையின் குறையாகிப் போனது. செக்ரோலில் ஒரு பேர், பிறப்புப் பதிவில் இன்னொரு பேர் என்ற தொல்லையை நாங்களே எங்கள் வீடுகளில் இப்பவும் அனுபவிக்கிறோம். அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டோம்.

எங்கள் பக்கத்துத் தடத்திலும் ஒரு பெட்டி இருக்கிறது, அதை மறைக்க முடியாது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் இந்தச் சட்டத்தை முதலில் பகிஷ்கரித்தது. பிறகு முடிவை மாற்றி விண்ணப்பிக்கச் சொன்னது. அதனால் 1951 ஆகஸ்டில் முடிந்த இரண்டு வருஷத் தவணையின் கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன. அநியாயமான சட்டத்தைப் பகிஷ்கரித்தது தப்பு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. படத்தில் அதற்கு இடம் உண்டு என்றுதான் சொல்கிறோம்.

மொத்தம் சுமார் 237,000 விண்ணப்பங்கள், அவற்றில் சுமார் 825,000 பேர். 1960களின் முற்பகுதி வரை ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 134,000 பேர். ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை.

எங்கள் குழுவில் ஒரு சண்டையும் வந்தது. அநியாயத்தைப் படம் போட்டால் அது வெறும் நிர்வாகக் கோளாறு மாதிரித் தெரியும், சட்டம் செய்தவர் தப்பித்துவிடுவார் என்று ஒருத்தி சொன்னாள். நியாயமான பேச்சு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு ஆசனம் கிடைத்தது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்தார்கள். 1952இல் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதை வைத்துப் பார்த்தால் படத்தில் இருப்பது பழுதான இயந்திரம் இல்லை, நினைத்தபடி ஓடின இயந்திரம். எங்கள் முடிவும் அதுதான். ஆனா அது எப்படி ஓடியது என்பதைத் தலைவர்களின் பேச்சை மட்டும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேரை இலங்கை எடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் (1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள்). அந்த 975,000 பேரிடமும் யாரும் கேட்கவில்லை. இந்தப் படத்துக்குத் தாள் போதவில்லை, இரண்டு நாட்டு அலுவலகங்களும் வேண்டுமே. கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம், கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்தில் சேமலாப நிதிக் கணக்கு முடிப்பது, தலைமன்னார் ரயில், இராமேஸ்வரம் கப்பல், மண்டபம் முகாம்.

இதில் ஒரு அம்பு விசேஷமானது. ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நாலு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அதாவது உங்கள் பெட்டி நகர வேண்டுமென்றால் முன்பின் தெரியாத ஏழு பேரின் பெட்டி முதலில் நகர வேண்டும். அந்த ஏழு பேர் எண்ணப்படுவது இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்த அன்றா, கப்பலேறிய அன்றா? 1967 சட்டம் முதலாவதைச் சொன்னது, 1971 திருத்தம் இரண்டாவதுக்கு மாற்றியது. 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. அதுவரை மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் போய்விட்டார்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு ஏறத்தாழ 84,000 பேர் லயத்திலேயே இருந்தார்கள். இந்தியாவின் படத்தில் அவர்களுடைய பெட்டி முடிந்துவிட்டது, இலங்கையின் படத்தில் அவர்களுக்குத் தடமே இல்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தை வரைய அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருப்பவரும் அவருடைய வழித்தோன்றல்களும் பிரஜைகள். இதைப் பிரகடனப் படிவத்தில் அவரே எழுதிக் கையெழுத்துப் போடுவார், அதிகாரி மேலொப்பம் வைப்பார், அந்தப் படிவமே அத்தாட்சி. தொண்டர்கள் நடமாடும் நிலையங்களாகத் தோட்டப் பகுதிகளுக்கே வந்தார்கள். பத்து நாளில் ஏறத்தாழ 190,000 பேர் பதிந்தார்கள். 1949இல் சிவப்பு வட்டம் போட்ட இடத்தைத் தேடினோம். அந்த அம்பே இல்லை, ஏனென்றால் தோட்ட அலுவலகத்திடம் கேட்க வேண்டிய காகிதம் எதுவும் இல்லை. இப்படிச் செய்ய முடியும் என்றால் 1949இலும் முடிந்திருக்கும். 55 வருஷம் என்பது தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை.

இப்போது நாங்கள் வரைந்துகொண்டிருப்பது காணி உறுதி. 1992இலிருந்து தோட்டங்களை நடத்துவது கம்பனிகள். காணி அரசுடையது, கம்பனியிடம் இருப்பது குத்தகை. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தும் வரை தோட்டத்துக்குள் ஒரு பாதை போடக்கூடப் பிரதேச சபைக்கு வழியில்லாமல் இருந்தது. குடும்பம், கம்பனி, அரச பெருந்தோட்ட நிறுவனம், நில அளவைத் திணைக்களம், பிரதேச செயலகம், அமைச்சு என்று இதுவரை ஆறு தடம் வந்திருக்கு. குடும்பத்தின் தடத்தில் இரண்டு பெட்டிதான் போட முடிந்தது: பேர் கொடுத்தல், காத்திருத்தல். உங்கள் வீட்டில் யாராவது உறுதிக்காக அலைந்திருந்தால், எந்தத் தேதியில் எந்த அலுவலகம், என்ன காகிதம் கேட்டார்கள், யாரிடம் வாங்கி வரச் சொன்னார்கள் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். பேர் வேண்டாம்.