கண்ணாடிக் கல்லின் கதை

டைமண்ட் பெயிண்டிங் பெட்டியில் சில கற்கள் மட்டும் வானவில் காட்டுமே, கவனித்தீர்களா? 'ஏ.பி.' என்பார்கள். இன்று அது வெறும் ரெசின்தான். ஆனால் வம்சம் பெரிது!

18ஆம் நூற்றாண்டு பாரிஸில், ஈயம் கலந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி வைரம்போல் மினுக்கியவர் ஜார்ஜ் ஃப்ரெடெரிக் ஸ்ட்ராஸ். பிரெஞ்சில் இன்றும் கல்லுக்கே 'ஸ்ட்ராஸ்' என்றுதான் பெயர். கைவேலை என்பதால் மலிவாகவில்லை. 1892இல் பொஹீமியாக்காரர் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி பட்டை தீட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1895இல் ஆஸ்திரியாவின் வாட்டென்ஸில் ஆலை. 1956இல் டியோருக்காக உலோகப் படலம் பூசிய கல் வந்தது: அரோரா பொரியாலிஸ். அதன் சுருக்கமே 'ஏ.பி.'.

நகைக்கடன் மதிப்பீட்டில் கல் எடையைக் கழித்துவிடுவோம். இங்கே புனேயிலும் அதே விதிதான். "பாட்டி போட்ட கல் சார்" என்று முகம் வாடுபவர்களிடம், ஸ்ட்ராஸ் கதையைச் சொல்லவா முடியும்?