திடலுக்குப் போகும் வழி

கோவையில் பன்னாட்டுக் கிரிக்கெட் அரங்கம் அமைக்கப்படும் என்ற வாக்குறுதி 2024 நாடாளுமன்றத் தேர்தல் காலத்தில் வெளிவந்தது. அதற்கென ஒண்டிப்புதூரிலுள்ள திறந்தவெளிச் சிறைச்சாலையின் நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வெள்ளகோவில்காரனான என் கண்ணில் அச்செய்தியில் முதலில் பட்டது ஆட்டமன்று, சாலை. பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், கரூர் என்று நீளும் திருச்சி சாலையின் மேல்தான் ஒண்டிப்புதூரும் இருக்கிறது. இரயில் நிலையம் இல்லாத எங்களூருக்கு அச்சாலையே எல்லாம்.

அரங்கத்திற்கு இடம் தேடுவோர் எத்தனை ஏக்கர் கிடைக்கும் என்று முதலில் கேட்பர். ஆட்டம் முடிந்த இரவில் பின்னலாடைத் தொழிலாளி எப்படி வீடு திரும்புவார், ஆட்டமில்லாத நாளில் அவ்விடத்தை நம்பி யார் பிழைப்பார் என்னும் கேள்விகள் பின்னரே எழுகின்றன, எழுந்தால்.

சென்னையில் இவ்விரண்டுக்கும் ஒருகாலத்தில் ஒரே இடத்தில் விடை இருந்தது. சென்ட்ரல் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க் நிலத்தில் 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அதே பூங்கா நிலத்தில் மாநகராட்சி விளையாட்டரங்கம் எழுந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மங்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தது அங்கேதான். சேப்பாக்கம் என்று பலர் தவறாக நினைப்பதுண்டு. 2008 வரை முறியடிக்கப்படாத சாதனை அது. இரயிலடி, சந்தை, திடல் மூன்றும் நடந்து கடக்கும் தொலைவில் இருந்தன. ஆட்டம் இல்லாத நாளிலும் அங்கே பழைய புத்தகக் கடைக்காரருக்கு வியாபாரம் உண்டு. (இலக்கிய வாசகர்களுக்கு மூர் மார்க்கெட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.) 1985இல் சந்தை தீக்கிரையாயிற்று. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். சந்தை நின்ற இடம் புறநகர் இரயில் முனையமாயிற்று. விளையாட்டரங்கமோ 1993இல் ஜவாஹர்லால் நேரு அரங்கமாக மறுபிறவி எடுத்தது. திடல் தங்கிற்று, சந்தை தங்கவில்லை.

சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் 1934இல் நடந்தது. பறக்கும் இரயில் அங்கு வந்து சேர்ந்ததோ 1995இல். இலண்டன் வெம்பிளியில் வரிசை நேர்மாறானது. இரயில் நிறுவனத் தலைவர் எட்வர்ட் வாட்கின், பயணிகளை ஈர்ப்பதற்காக 1894இல் அங்கொரு பூங்காவைத் திறந்தார்; அவர் தொடங்கி முற்றுப்பெறாத கோபுரம் நின்ற இடத்தில் 1923இல் அரங்கம் வந்தது.

நம் காலத்துப் பாடம் அலங்காநல்லூர் அருகிலுள்ள கீழக்கரையில் இருக்கிறது. ஏறத்தாழ 66 ஏக்கரில், 60 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கட்டப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதற்கெனப் புதுச்சாலையும் போட்டார்கள். ஆயினும் அடுத்த ஆண்டுத் தைத்திங்களிலும் அலங்காநல்லூர்க் காளைகள் ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசல் வழியாகவே பாய்ந்தன. கோயிலும் கடைவீதியும் அங்கே அல்லவா இருக்கின்றன! அரங்கத்தைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வசதியில் அதற்கு ஈடில்லை. ஆனால் ஊரின் பிழைப்பு பழைய இடத்திலேயே வேர்பிடித்திருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கண்ணபுரத்தில் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தைக்குக் கட்டடம் ஏதுமில்லை. மாரியம்மன் கோயில் விழாவை ஒட்டிக் காங்கேயம் மாடுகள் வந்து குவியும். கயிறும் சலங்கையும் விற்பவர், தட்டுக்கட்டு விற்பவர், தேநீர் ஆற்றுபவர் எல்லாரும் கூட்டம் வரும் வழியிலேயே கடை விரிக்கிறார்கள்.

ஒண்டிப்புதூருக்கு நல்ல வாய்ப்புகள் உண்டு. இருகூர் இரயில் சந்திப்பு அருகில். கரூர், திருச்சிப் பேருந்துகள் புறப்படும் சிங்காநல்லூர் நிலையமும் அருகில். ஆனால் இரவு ஆட்டமொன்று முடியப் பதினொன்றரை ஆகிவிடும். அந்நேரத்தில் கரூர்ப் பக்கம் திரும்பும் பேருந்துகளுக்கும், வாயிற்புறத்தில் உள்ளூரார் வைக்கப்போகும் சிறுகடைகளுக்கும் திட்ட வரைபடத்திலேயே இடம் குறித்துவிட வேண்டும்; சுவர் எழுந்தபின் கேட்டால் கிடைக்காது.