கத்தி பரிசாக வந்தால்: ஒரு நாணயக் குற்றியின் கதை

நோர்வே, சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் வாழும் எம்மவர் வீடுகளுக்கு என்றாவது ஒருநாள் ஒரு சிறிய நீளப் பெட்டி வந்து சேரும். சாரணர் குழுவில் சேர்ந்த பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு நோர்வேக் குடும்பம் கொடுத்ததாக இருக்கலாம். நீண்டகாலம் வேலைசெய்து ஓய்வுபெறும் அப்பாவுக்கு உடன் வேலைசெய்தவர்கள் காசு சேர்த்து வாங்கியதாகவும் இருக்கலாம். திறந்தால் உள்ளே மரப்பிடியும் தோலுறையும் கொண்ட ஒரு கத்தி. "ஐயோ, கத்தியை ஆரும் பரிசாகக் குடுப்பினமோ?" என்பதுதான் எங்கள் வீடுகளில் பெரும்பாலும் எழும் முதல் கேள்வி.

கேள்வியில் பிழையில்லை. கத்தியையோ கத்தரிக்கோலையோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் நேரே வாங்கக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். நிலத்திலோ மேசையிலோ வைத்துவிட்டால் மற்றவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும் என்பார்கள் அம்மம்மாமார். அதே அம்மம்மாமார்தான் பிள்ளை பெற்ற வீட்டிலும், பெரியபிள்ளையான பெண்ணின் அருகிலும் காவலுக்கென்று ஓர் இரும்புத் துண்டையோ கத்தியையோ வைப்பார்கள். ஆயுதபூசையன்று அரிவாளுக்கும் கத்திக்கும் சந்தனம் குங்குமம் வைத்து ஒருநாள் ஓய்வும் கொடுப்பார்கள். ஆக, எங்கள் மரபு கத்தியை வெறுத்த மரபல்ல. ஓலை வார்ந்து பெட்டி பின்னுகிறவரிடம் சத்தகம் இருந்தது, சீவல் தொழிலாளியிடம் பாளைக்கத்தி இருந்தது, தாத்தாவின் மடியில் வில்லுக்கத்தியும் வெற்றிலைத் தட்டத்தில் பாக்குவெட்டியும் இருந்தன. கத்தியைக் கைமாற்றுவதில்தான் பயம்.

இன்னொரு பயமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் எமது இளைஞர் குழுக்களிடையே நடந்த வெட்டுக்குத்துக்களைப் பார்த்த பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வாள்வெட்டுச் செய்திகள் இப்போதும் எங்கள் கைபேசிகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. பிள்ளையின் கையில் கத்தி என்றதும் அம்மாவின் நெஞ்சு பதறுவதற்கு மூடநம்பிக்கை மட்டும் காரணமல்ல.

ஆனால் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் என்ன நினைத்துக் கொடுத்தார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் திருப்பிக் கொடுத்தால், அவர் மனதில் படும் காயம் நாங்கள் நினைப்பதைவிடப் பெரிது.

வடநாடுகளில் கத்தி சொல்லும் செய்தி

காடும் பனியும் நிறைந்த இந்த நாடுகளில் கத்தி முதலில் ஒரு வேலைக்கருவி. விறகைச் சீவித் தீ மூட்ட, மீன் துப்பரவாக்க, கயிறு அறுக்க, பாண் வெட்ட என்று எல்லாவற்றுக்கும் இடுப்பில் ஒரு கத்தி இருந்தது. ஆண்களும் அணிந்தார்கள், பெண்களும் அணிந்தார்கள். வடக்கே கலைமான் வளர்க்கும் சாமி மக்களிடம் பெரியது, சிறியது என இரண்டு வகைக் கத்திகள் உண்டு. கலைமான் கொம்பில் செய்த பிடியிலும் உறையிலும் உள்ள செதுக்கு வேலையைப் பார்த்தே எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பின்லாந்தில் இதன் பெயர் பூக்கோ. அலகு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலந்தான் நீளமிருக்கும். கௌஹவா என்ற ஊர் இதற்குப் பெயர்போனது. சுவீடனில் மூரா, நோர்வேயில் யைலோவும் ஹோல்மெடாலும் கத்தி செய்யும் ஊர்கள். யைலோவின் புறுஸ்லெத்தோ 1896இலும், ஹோல்மெடாலின் ஹெல்லெ 1932இலும் தொடங்கப்பட்டவை. இன்றும் அவர்களின் கத்திகள் கடைகளில் கிடைக்கின்றன.

பின்லாந்தில் ஒருவருக்குப் பூக்கோ கொடுப்பது மரியாதையின் அடையாளம். 'உன்னைப் பொறுப்புள்ள மனிதனாகக் காண்கிறேன்' என்பதே அதன் பொருள். நோர்வேயிலும் அப்படித்தான். இங்கே பாலர் பாடசாலையிலேயே, ஆசிரியர் அருகிலிருக்க, பிள்ளைகள் கத்தி பிடித்துத் தடி சீவப் பழகுகிறார்கள். 'ஸ்பிக்கெ' என்பது அவர்கள் சொல். உட்கார்ந்துகொண்டு சீவு, உடம்புக்கு வெளிப்புறமாகச் சீவு, நடக்கும்போது உறையில் போடு என்பவை அவர்கள் பாடமாக்கும் விதிகள். கத்தியைக் கைமாற்றவும் ஒரு முறை உண்டு: பிடி வாங்குபவர் பக்கம் இருக்கவேண்டும், அவர் பிடித்துக்கொண்டு 'நன்றி' சொன்ன பிறகுதான் கொடுப்பவர் கையை விடலாம். எங்கள் 'கீழே வைத்து எடு' என்ற பழக்கமும் இதுவும் ஒரே கவலையின் இரு வடிவங்கள் என்றே நான் நினைக்கிறேன்.

பதினைந்து வயதளவில் நடக்கும் கொன்பிர்மாசூன் எனப்படும் உறுதிப்படுத்தல் விழா, நோர்வேப் பிள்ளைகளின் வாழ்வில் பெரியநாள். தேவாலயத்தில் செய்பவர்களும் உண்டு. மதச்சார்பற்ற விழாவாக 1951 முதல் செய்பவர்களும் உண்டு. அந்த நாளுக்குப் பையன்களுக்குப் புனாட் என்ற மரபுடை தைத்துக் கொடுக்கிறார்கள். அதன் இடைவாரில் தொங்க, வெள்ளி வேலைப்பாடுள்ள ஒரு கத்தியை ஞானப்பெற்றோரோ பேரனாரோ பரிசளிப்பது வழக்கம். மே 17 தேசியநாள் ஊர்வலத்தில் இடுப்பில் கத்தியோடு போகும் ஆண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் இப்படி வந்தவைதான். எங்கள் சாமத்தியவீட்டில் மாமன் கொண்டுவரும் சங்கிலிக்கு இருக்கும் இடம் அவர்களிடம் அந்தக் கத்திக்கு இருக்கிறது.

நாணயக் குற்றி எதற்கு?

இவ்வளவு மதிப்பு வைத்திருக்கும் இவர்களிடமும் எங்கள் அம்மம்மாவின் பயம் இருக்கிறது! கத்தியைச் சும்மா கொடுத்தால் அது நட்பை வெட்டிவிடும் என்று நோர்வே, டென்மார்க், ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி, பிரித்தானியா, ரஷ்யா என்று பல நாடுகளிலும் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் இது மிகப் பழையது. ஜோன் கே என்ற கவிஞர் 1714இல் வெளியிட்ட கிராமியக் கவிதைகளிலேயே, கத்திப் பரிசு காதலைப் பிரிக்கும் என்ற நம்பிக்கை வருகிறது.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த பரிகாரம் எளிமையானது. கத்தியை வாங்குபவர் உடனே ஒரு நாணயக் குற்றியைக் கொடுப்பவரின் கையில் வைக்கவேண்டும். அப்போது அது பரிசல்ல, விலைக்கு வாங்கிய பொருள். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் வெட்டுப்பட எதுவுமில்லை. மிகச் சிறிய நாணயமே போதும். பெரிய தொகை கொடுத்தால் கொடுத்தவரை அவமதித்ததாகிவிடும். சிலர் முன்யோசனையோடு பெட்டிக்குள் ஒரு நாணயத்தையும் ஒட்டியே தருவார்கள். அதை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும். இது தெரியாத எம்மவர் சிலர், 'காசும் வைத்துத் தந்திருக்கிறார்' என்று மகிழ்ந்து உண்டியலில் போட்டுவிடுவதுண்டு. கொடுத்தவர் நாகரிகம் கருதி ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் காத்திருப்பார்.

இப்போது நோர்வேயில் எவருடைய சட்டைப்பையிலும் சில்லறை இல்லை, எல்லாம் அட்டைதான். விப்ஸில் ஒரு குரோன் அனுப்பினால் கணக்குத் தீருமா என்று கேட்டால், என் தீர்ப்பு தீரும் என்பதுதான். ஆனாலும் நடுவில் துளையுள்ள அந்த ஒரு குரோன் குற்றியைக் கையில் வைக்கும்போது இருவர் முகத்திலும் வரும் சிரிப்புக்காகவே, வீட்டில் ஒன்றிரண்டை எடுத்து வைத்திருக்கலாம்.

எல்லா இடத்திலும் நாணயம் போதாது. சீனர்களிடையே கத்தியைப் பரிசளிப்பது உறவை அறுப்பதாகவே கொள்ளப்படுகிறது. வேலையிடத்தில் சீன நண்பர் இருந்தால் நல்ல சமையல் கத்தியென்றாலும் தவிர்ப்பது நல்லது. யப்பான் இரண்டு பக்கமும் நிற்கிறது. திருமணத்துக்குக் கத்தி கொடுக்கத் தயங்குபவர்களும் உண்டு. எதிர்காலத்தை வெட்டித் திறக்கும் கருவி என்று சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. மணமகளின் இடைக்கச்சையில் ஒரு குறுங்கத்தி செருகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அரச குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் பேரரசர் ஒரு காவல்வாளை அனுப்பிவைப்பார். 2006இல் இளவரசர் ஹிசஹிதோ பிறந்தபோதும் இது நடந்தது. பிள்ளைப்பேற்று வீட்டில் இரும்பு வைத்த எங்கள் அம்மம்மாவுக்கு இது உடனே விளங்கியிருக்கும்.

சுவிற்சர்லாந்துக் கதை வேறு. அங்கே கத்தி கொடுப்பது அரசு. இராணுவச் சேவைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு மடிப்புக்கத்தி கிடைக்கும். இபாக் என்ற ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர் 1891இல் இராணுவத்துக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். அந்தப் பட்டறைதான் இன்றைய விக்ரொறினொக்ஸ். குடியுரிமை பெற்று அங்கு சேவைக்குப் போகும் எமது பிள்ளைகளும் அந்தக் கத்தியோடுதான் வீடு திரும்புகிறார்கள். நாணயம் கேட்பார் எவருமில்லை.

வீட்டுக்கு வெளியே

இனி வருவதைப் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். பரிசாக வந்த கத்தியை வைத்திருப்பது வேறு, அதை எடுத்துக்கொண்டு தெருவில் போவது வேறு. நோர்வேயின் குற்றவியல் சட்டம் 189ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் கத்தியோடு திரிவது தண்டனைக்குரியது. வேலை, காட்டுப் பயணம், மீன்பிடி போன்ற நியாயமான தேவைக்காகக் கொண்டுபோனால் மட்டும் விலக்கு. மே 17 அன்று புனாட்டோடு அணிவதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. அதே கத்தியை மறுநாள் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகரத்துக்குப் போனால் நிலைமை வேறு. வேண்டுமென்றே செய்தது மட்டுமல்ல, கடுமையான கவனயீனமும் இந்தப் பிரிவுக்குள் வருகிறது. சனிக்கிழமை சாரணர் முகாம் முடிந்து, திங்கட்கிழமை அதே பையோடு பாடசாலைக்குப் போகும் பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறது. பையைக் காலியாக்கும் வேலையைப் பெற்றோர் ஞாயிறு இரவே செய்துவிட வேண்டும்.

நோர்வேயில் குற்றப்பொறுப்பு வயது 15. கொன்பிர்மாசூன் கத்தி கையில் கிடைக்கும் வயதும் கிட்டத்தட்ட அதுதான். தண்டனைப் பதிவு ஒன்று விழுந்தால் குடியுரிமை விண்ணப்பம் காத்திருப்புக் காலத்துக்குள் தள்ளப்படும். இரவு தொடருந்து நிலையத்தில் நிற்கும் மாநிறப் பையனின் சட்டைப்பையில் இருக்கும் கத்தியும், அவனுடைய நோர்வே நண்பனின் சட்டைப்பையில் இருக்கும் கத்தியும் காவல்துறையின் கண்ணில் ஒன்றாகவே படும் என்று நம்பி இருந்துவிட முடியாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கசப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லவேண்டும்.

பின்லாந்தில் 2003ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம், தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடுக்கிறது. பூக்கோ பிறந்த நாடே இப்படி என்றால் மற்ற இடங்களைச் சொல்லத் தேவையில்லை. ஒஸ்லோ மச்சான் லண்டன் மச்சானுக்கு ஆசையாக ஒரு ஹெல்லெ கத்தி வாங்கிக்கொண்டு போகும் வழக்கம் எங்களுக்குள் இருப்பதால், பிரித்தானியச் சட்டத்தை மட்டும் குறிப்பிடுகிறேன். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே காரணம் சொல்லாமல் வெளியே கொண்டு திரியக்கூடியது 3 அங்குலம், அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடிப்புக்கத்தி மட்டுமே. மடியாத அலகு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நல்ல காரணமின்றித் தெருவில் வைத்திருந்தால் குற்றம். ஆகவே லண்டன் மச்சான் அதை வீட்டிலேயே வைத்திருக்கட்டும்.

கொண்டுபோகும்போது கைப்பையில் வைக்கவேண்டாம். ஐரோப்பிய விமான நிலையங்களில் 6 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட அலகு பயணியர் பகுதிக்குள் போகாது, பாதுகாப்புச் சோதனையிலேயே பறிபோகும். சரக்குப் பொதியில், உறைக்குள், துணி சுற்றி வையுங்கள். மச்சான் தரும் ஒரு பென்னியை வாங்க மறக்காதீர்கள்.

வீட்டில் வைத்திருப்பதிலும் ஒன்று கவனிக்கவேண்டும். இந்த மரபுக் கத்திகள் சிலவற்றின் அலகு துருப்பிடிக்கும் கரிம உருக்கு. மீனோ எலுமிச்சையோ வெட்டிய பிறகு அப்படியே உறையில் போட்டால் தோலிலுள்ள ஈரமும் சேர்ந்து அரித்துவிடும். கழுவி, நன்றாகத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் பூசி வைத்தால் பேரப்பிள்ளை காலத்திலும் வெட்டும். சரஸ்வதி பூசை வரும்போது பிள்ளையின் புத்தகங்களுக்கும் அப்பாவின் ஆயுதப்பெட்டிக்கும் பக்கத்தில் அதையும் வைப்பதில் எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சில வீடுகளில் ஏற்கெனவே வைக்கிறார்கள்.